ஓரிக்கையிலிருந்து கோமுகம் வரை

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரைப் பக்கம் இருக்கிற ஊர் ஓரிக்கை. வெளியூர்க்காரர்களுக்கு இன்று அந்தப் பெயர் தெரிவது அங்கே கருங்கல்லில் எழுப்பப்பட்டிருக்கும் காஞ்சி மகா சுவாமிகளின் மணிமண்டபத்தால்தான். ஆனால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதை மிகப் பழையது. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். ஒரு கிழவியை ஆழ்வார் குமரியாக்கிவிட்டார் என்ற செய்தி மன்னன் காதுக்கு எட்டுகிறது. தன்னையும் இளைஞனாக்க வேண்டும், தன்னைப் புகழ்ந்து பாட வேண்டும் என்கிறான். கணிகண்ணன் மறுக்க, நாட்டை விட்டுப் போகச் சொல்கிறான் மன்னன். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்ப, திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிடுகிறார்! அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அது மருவி ஓரிக்கை ஆனது என்பார்கள். மன்னன் மனம் மாறி மன்னிப்புக் கேட்க, எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பினார்கள். சொன்னபடி போனார், சொன்னபடி வந்தார் என்பதால் பெருமாளுக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

ஓர் இரவுத் தங்கலையே பெயராக வைத்துக்கொண்ட ஊர் என்பதால் இந்தக் கதை இங்கே வருகிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற, கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத இந்தப் பகுதியிலிருந்து ஒருவர் இமயமலைப் பனியாறு ஒன்றைப் பார்க்கக் கிளம்பினால், வழியில் எத்தனை இரவு தங்க வேண்டும்? கேட்க அற்பமான கேள்வியாகத் தோன்றும். தென்னாட்டிலிருந்து வடக்கே போனவர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், போனவர் திரும்பி வந்தாரா இல்லையா என்பதைப் பல நேரங்களில் இந்தக் கேள்விதான் முடிவு செய்திருக்கிறது.

முதலில் பனி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான், ஊட்டியில் தரையை வெளுக்கச் செய்வதும் பனிதான், இமயத்தில் வானிலிருந்து பஞ்சு போல விழுவதும் பனிதான், அது இறுகிக் கல்லானாலும் பனிதான். முன்பனி, பின்பனி என்று ஆண்டையே பருவங்களாகப் பிரித்த மொழிக்கு, நதி போல நகர்கிற பனி என்ற பொருளைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போய்விட்டது. சமவெளித் தமிழர் தலையில் வானம் போட்ட ஒரே பனிக்கட்டி ஆலங்கட்டி. அதனால்தான் இன்றும் செய்தித்தாள்களில் குழப்பம் தீரவில்லை. கடலில் மிதப்பதும் பனிப்பாறை, கங்கோத்ரியில் இருப்பதும் பனிப்பாறை! பாடப்புத்தகம் சொல்லும் 'பனியாறு' என்ற சொல்தான் சரி. மலையுச்சியில் ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி தன் எடையாலேயே நசுங்கிக் கட்டியாகி, அந்தக் கட்டி தன் எடையாலேயே சரிவில் மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்குவது பனியாறு. அது ஓடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில்.

ஒரு சுவாரஸ்யமான விஷயம். சென்னைக்கு முதன்முதலில் பெருமளவில் வந்த பனிக்கட்டி இமயமலையிலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமித்து வைக்க 1842ல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். இமயம் பக்கத்தில், பாஸ்டன் பூமியின் மறுபுறம். ஆனால் கப்பல் போகிற இடம்தான் கிட்டே இருக்கிற இடம். அதே ஐஸ் ஹவுஸில் 1897ல் சில நாட்கள் தங்கிய விவேகானந்தர் அடுத்த ஆண்டே அமர்நாத் குகைக்குப் போனார். குளிர்ந்த நீரில் குளித்துவிட்டுக் குகைக்குள் நுழைந்தார். பிறகு அவரைப் பரிசோதித்த மருத்துவர் இதயம் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னதாக அவருடைய வரலாற்றில் வருகிறது. அவரும் வங்காளச் சமவெளியில் பிறந்தவர்தானே!

பார்க்காவிட்டால் என்ன, தமிழர்கள் இமயத்தைக் கற்பனை செய்வதில் குறை வைக்கவில்லை. சங்க காலச் சேர மன்னன் ஒருவனுக்கு இமயவரம்பன் என்றே பெயர். கண்ணகிக்குச் சிலை செய்யச் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காஞ்சியில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கயிலாசத்தையே ஊருக்குள் கட்டிவிட்டான். கைலாசநாதர் கோயிலைச் சுற்றி வந்தால் கயிலையைச் சுற்றியதாக ஆயிற்று; ஸ்வெட்டர் வேண்டாம், மூச்சும் வாங்காது. மாமல்லபுரத்தில் பாறை முழுக்கச் செதுக்கிய தவக் காட்சியை (அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற சண்டை இன்னும் முடியவில்லை) கொஞ்சம் நின்று பாருங்கள். நடப்பது இமயமலையில். ஆனால் யானை இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, மான் இருக்கிறது, தவம் செய்கிற பூனைகூட இருக்கிறது. பனி மட்டும் இல்லை! பல்லவச் சிற்பிக்குக் கங்கை என்பது பாறைப் பிளவில் கொட்டுகிற மழைநீர். அவன் வாழ்ந்த ஊரில் அது அப்படித்தான் கொட்டும்.

பாலாற்றங்கரைக்காரருக்குக் கங்கையில் புரியாத முதல் விஷயமும் இதுவே. பாலாறு மழையை நம்பிய ஆறு. மழை பெய்தால் வரும், இல்லாவிட்டால் மணல். சித்திரை, வைகாசியில் ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்ட வேண்டும். கங்கையோ சித்திரை, வைகாசியில் வெயில் ஏற ஏறப் பெருகும். காரணம் மேலே உருகுகிற பனி. ஒரு நாளைக்குள்ளேயே இந்தக் கணக்கு மாறும். காலையில் முழங்கால் அளவு இருக்கிற மலையோடை, பிற்பகலில் இடுப்பளவு வந்துவிடும். இது தெரியாமல் மத்தியானம் ஓடையைக் கடக்க இறங்குகிறவன்தான் மலைக்குப் புதியவன்.

வடக்கே உண்மையில் போன முதல் தமிழர்கள் யார் என்றால் பக்தி இலக்கியத்துக்குத்தான் போக வேண்டும். 108 திவ்ய தேசங்களில் தேவப்பிரயாகையும் (கண்டம் என்னும் கடிநகர்), ஜோஷிமடமும் (திருப்பிரிதி), பத்ரிநாத்தும் (திருவதரி) உண்டு. திருமங்கையாழ்வார் நேரில் சென்று பாடினார் என்பது வைணவ மரபு. அவர் பத்ரியைப் பற்றிப் பாடிய பதிகம் ஒன்றில் வித்தியாசமான ஒரு விஷயம் இருக்கிறது. மலையின் அழகைவிட முதுமையின் அவலத்தைத்தான் அதில் அதிகம் பாடுகிறார். கோல் ஊன்றி, இருமி, தள்ளாடி, பேச்சுக் குழறுகிற நிலை வருவதற்கு முன்பே பத்ரியைத் தொழு என்கிறார். பக்தர்களுக்கு இது நிலையாமைத் தத்துவம். மலைப்பயணக் கண்ணோடு படித்தால் நல்ல மருத்துவ ஆலோசனை! நம்மவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, ஓய்வு பெற்று, மூட்டு வலி வந்த பிறகுதான் வடக்கே யாத்திரை என்று ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது.

திருநாவுக்கரசர் கதை இன்னும் நேரானது. கயிலையைக் காண வேண்டும் என்று முதிய வயதில் கிளம்புகிறார். காளத்தி, ஸ்ரீசைலம், காசி எல்லாம் தாண்டி மலைப் பகுதிக்குள் நுழைந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விவரமாகவே எழுதியிருக்கிறார். கால் தேய்ந்துவிடுகிறது. கைகளால் ஊர்ந்து போகிறார். கையும் தேய, மார்பால் நகர்கிறார். அதுவும் முடியாமல் உருண்டு போகிறார். கடைசியில் அசைவே நின்றுவிடுகிறது. முனிவர் ஒருவர் வந்து மனிதரால் ஆகாது, திரும்பிப் போங்கள் என்கிறார். அப்பர் மறுக்கிறார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி தருகிறார் சிவபெருமான். பக்தியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இது கவனிக்க வேண்டிய பகுதி. மலையில் உடல் படிப்படியாகத் தோற்பதைத் தமிழில் இவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. அதற்குக் கிடைத்த தீர்வும் சரியானதுதான். உடனே கீழே இறக்குவது!

சாதாரண ஜனங்கள் எப்படிப் போனார்கள்? கால்நடையாக, மெதுவாக. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18ம் தேதி சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி 1831 செப்டம்பர் 3ம் தேதி திரும்பினார். பதினைந்து மாதத்துக்கு மேல். அவர் தெலுங்கில் எழுதிய காசியாத்திரைப் புத்தகம் வழியில் எங்கே தண்ணீர், எங்கே சத்திரம், எங்கே என்ன விலை என்று எழுதிக்கொண்டே போகிறது. ஓரிக்கையில் மணிமண்டபம் கண்டிருக்கும் மகா சுவாமிகளும் நடந்தே 1934ல் காசியை அடைந்தார். தெற்கே திரும்பி ராமேஸ்வரத்தில் கங்கை நீரைச் சேர்த்தது 1939ல். கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் கைத்தடியும் செருப்புமாக 'காசி யாத்திரை' கிளம்புவதும், பெண்ணின் தகப்பனார் மடக்கிக் கூட்டி வருவதும் இன்று வேடிக்கைச் சடங்கு. ஒரு காலத்தில் அது உண்மையான பயண மூட்டை.

காசியோடு நிற்காமல் மேலே போனவர்கள் ஹரித்துவாரில் சமவெளியை விட்டார்கள். அங்கிருந்து பத்ரிக்கோ கங்கோத்ரிக்கோ ஒற்றையடிப் பாதை. நாளைக்குப் பத்து மைல் நடந்தால் அதிகம். வழித்தங்கல்களுக்கு 'சட்டி' என்று பெயர். மண்சட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் அரிசி, பருப்பு வாங்கினால் சமைக்கப் பாத்திரம் சும்மா கொடுப்பார்; படுக்க இடமும் சும்மா. ரிஷிகேசத்துக் காளி கம்ளிவாலா பாபா (கறுப்புக் கம்பளிக்காரர்) பெயரால் ஏற்பட்ட தரும சத்திரங்கள் வழி நெடுக வந்தன. கங்கோத்ரி சேர மூன்று வாரம் போல ஆகிவிடும்.

இந்த மூன்று வாரத்தில்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது. ஹரித்துவாரின் உயரம் 300 மீட்டர் சொச்சம். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர். யாத்ரீகர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறினார், கொஞ்சம் இறங்கினார், ஒவ்வொரு சட்டியிலும் ஓர் இரவு தூங்கினார். அவருடைய உடம்பு அந்த இரவுகளில் குறைந்த காற்றுக்குப் பழகிக்கொண்டே வந்தது. மூச்சு ஆழமாயிற்று; ரத்தம் தன்னைத் திருத்திக்கொண்டது. மலை நோய் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டிகளில் கழிப்பிடம் கிடையாது, நீரோடை ஒன்றுதான். 1867 ஹரித்துவார் கும்பமேளாவிலிருந்து காலரா வட இந்தியா முழுக்கப் பரவியது. யாத்திரைப் பாதைகளில் காலரா பல முறை வாரிக்கொண்டு போயிருக்கிறது. கிளம்பும்போதே சொத்தைப் பிரித்து எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். நிதானமான நடை காப்பாற்றியது காற்றுக் குறைவிலிருந்து மட்டும்தான்.

தெற்கத்திக்காரர் பனிக்குப் பழக முடியும் என்பதற்கு நிரந்தர சாட்சி ஒன்று பத்ரிநாத்தில் உண்டு. அங்கே தலைமை அர்ச்சகரான ராவல் கேரளத்து நம்பூதிரி. 1776 முதல் இந்த வரிசை தொடர்கிறது. தென்னந்தோப்பில் வளர்ந்தவர் பத்தாயிரம் அடி உயரத்தில் பூஜை செய்கிறார். ஆனால் ஆறு மாதம்தான். குளிர்காலம் வந்தால் கோயில் நடை சாத்தப்படும். எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். மலையோடு மல்லுக்கட்டாத ஏற்பாடு.

இனி கோமுகத்துக்கு வருவோம். கங்கோத்ரி கோயிலோடு பெரும்பாலான யாத்ரீகர்கள் நின்றுவிட்டார்கள். பனியாற்றின் வாய் அதற்கும் அப்பால் பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களில் கங்கை மானசரோவர் பக்கம் பிறந்து, இமயத்தைக் குடைந்து, பசுவின் வாய் போன்ற குகை வழியே இந்தியாவுக்குள் விழுந்தது! இதைச் சரிபார்க்க 1808ல் கம்பெனி அனுப்பிய வெப், ரேப்பர், ஹியர்சி மூவரும் பாதை பயங்கரத்தைப் பார்த்து வழியிலேயே திரும்பினார்கள். ஒரு முன்ஷியை மட்டும் மேலே அனுப்பினார்கள். 1815ல் ஜேம்ஸ் பெய்லி ஃபிரேசர் கங்கோத்ரி வரை வந்தார். 1817 மே மாதக் கடைசியில்தான் ஹாட்ஜ்சன், ஹெர்பர்ட் என்ற இரண்டு அளவையாளர்கள் பனியாற்றின் முகத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். முந்நூறு அடிக்கு மேல் உயரமான பனிச்சுவர், அதன் அடியில் ஒரு வளைவு, அதிலிருந்து பாய்கிற ஆறு. சுவரில் தொங்கிய பனி விழுதுகளைப் பார்த்த ஹாட்ஜ்சனுக்கு, சிவனின் சடையிலிருந்து கங்கை இறங்குகிறது என்ற புராணம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அளக்கப் போனவரையே புராணம் பேச வைத்துவிட்டது அந்த இடம். முகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மட்டும் அவ்வளவு சரியல்ல. சாதுக்களுக்கும் மலைவாசிகளுக்கும் அது முன்பே தெரியும், வரைபடத்துக்குத்தான் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னாட்டுத் துறவிகள் சிலர் இந்தப் பக்கம் நிலையாகவே வந்துவிட்டார்கள். பத்தமடையில் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, 1924ல் ரிஷிகேசம் வந்த சுவாமி சிவானந்தர் 1931ல் கயிலாயம் போய்வந்தார். கேரளத்தைச் சேர்ந்த தபோவன சுவாமிகள் உத்தரகாசியிலும் கங்கோத்ரியிலும் வருஷக்கணக்கில் வாழ்ந்து, இமயப் பயணங்களை மலையாளத்தில் எழுதினார். இவர்கள் கற்றுக்குட்டிகளாக வந்து மலைக்காரர்களாக ஆனவர்கள். ஆவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

கதை மாறுவது 1962ல். சீனப் போருக்காகச் சமவெளியிலிருந்த படைகளை அவசரம் அவசரமாக மலைக்கு ஏற்றினார்கள். எதிரியின் குண்டு படுவதற்கு முன்பே பல சிப்பாய்கள் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறலில் விழுந்தார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்கள்! நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்களும் உண்டு. இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் இப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து 1969ல் வெளியிட்ட கட்டுரை, உலக அளவில் மலை நோய் பற்றிய அடிப்படை ஆய்வுகளில் ஒன்று. இந்திய ராணுவம் இன்று இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஒன்பதாயிரம் அடியைத் தாண்டினால் ஆறு நாள், பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால் இன்னும் நான்கு நாள், பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் மேலும் நான்கு நாள் பழகிய பிறகே பணி. பழைய யாத்ரீகர் சட்டி சட்டியாகத் தூங்கிச் செய்ததை ராணுவம் கணக்குப் போட்டுச் செய்கிறது, அவ்வளவுதான்.

அதே போர் இன்னொன்றையும் செய்தது. எல்லைக்குப் படையும் தளவாடமும் போக வேண்டும் என்பதற்காக மலையில் தார்ச்சாலைகள் போடப்பட்டன. ராணுவ லாரிக்குப் போட்ட சாலையில் யாத்ரீகர் பஸ்ஸும் ஏறியது. கங்கோத்ரி பாதையில் நெடுநாள் பஸ் லங்கா என்ற இடத்தோடு நின்றுவிடும். ஜாட் கங்கைப் பள்ளத்தில் இறங்கி மறுபுறம் ஏறித்தான் போக வேண்டும். பள்ளத்தின் மேல் பாலம் வந்ததும் கோயில் வாசலுக்கே வண்டி வந்துவிட்டது. மூன்று வாரம் இரண்டு நாளாகச் சுருங்கியது. நடுவில் இருந்த இருபது இரவுகள் காணாமல் போயின. காலரா ஒழிந்தது, அந்த இடத்தில் மாரடைப்பும் மூச்சடைப்பும் வந்து உட்கார்ந்தன. சாலை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. சாலை இல்லாவிட்டால் ஓரிக்கைத் தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கங்கோத்ரி என்பது காலண்டர் படமாகவே இருந்திருக்கும். ஆனால் 2022 யாத்திரைப் பருவத்தில் மட்டும் உத்தராகண்டின் நான்கு தலங்களுக்கும் போனவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உடல்நலக் காரணங்களால் இறந்தார்கள். விபத்துக் கணக்கு இதில் சேரவில்லை.

இன்று புதிதாகக் கோமுகம் போகிறவர் அங்கே பார்ப்பது என்ன? முதலில் ஏமாற்றம். தூய வெள்ளையாக எதையோ எதிர்பார்த்துப் போவார். எதிரே இருப்பது சாம்பல் நிற ஜல்லிக் குவியல். பனியாறு மலையைச் சுரண்டிக்கொண்டு வருவதால் அதன் மேல் கல்லும் மண்ணும் மூடியிருக்கும். உடைந்த முகத்தில்தான் நீலமும் பச்சையுமாகப் பனிக்கட்டி தெரியும். அதன் அடியிலிருந்து வரும் பாகீரதி பால் கலந்த காப்பி போலக் கலங்கி ஓடும். பாறையை அரைத்த மாவு அது. சுவருக்கு நேர் கீழே போய் நின்று படம் எடுப்பது புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. வெயில் ஏற ஏற வீடு அளவு கட்டிகள் பிளந்து விழும். மேலே பனியில் ஒட்டியிருந்த கற்கள் கழன்று உருளும். விடியலில் கிளம்பி முற்பகலுக்குள் திரும்புவது மலைக்காரர் வழக்கம். அங்கே உயரம் சுமார் 4,000 மீட்டர். ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் காஞ்சியில் கிடைப்பதில் அறுபது சதவீதம் போலத்தான். 2008லிருந்து வனத்துறை நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி என்று வைத்தது.

இந்த முகமும் ஹாட்ஜ்சன் பார்த்த முகம் அல்ல. 1935ல் புவியியல் ஆய்வுத் துறையின் ஆடன் அளந்து வைத்த இடத்திலிருந்து அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு இருபது மீட்டர் போல. முப்பது கிலோமீட்டர் நீளமான பனியாறு நாளைக்கே தீர்ந்துவிடாது. ஆனால் பின்வாங்குகிற பனி தான் இருந்த இடத்தில் தளர்ந்த கற்குவியலையும், அதற்குப் பின்னால் தேங்கிய ஏரிகளையும் விட்டுவிட்டுப் போகிறது. கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றின் ஓரத்தில் அப்படி ஒரு ஏரி இருந்தது. காந்தியின் அஸ்தி 1948ல் அங்கே கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்பார்கள். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கொட்டிய மழையில் அதன் கரை உடைந்தது. ஒரு பெரும்பாறை கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்துவிட, கோயில் தப்பியது. ஊர் தப்பவில்லை. அந்த வெள்ளங்களில் மாநிலம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் மலையில் சிக்கித் தவித்தார்கள். 2021 பிப்ரவரியில் சமோலியில் பாறையும் பனியும் சேர்ந்து சரிந்து இருநூறு பேர் போல மாண்டார்கள். 2023ல் திருப்பிரிதியாகிய ஜோஷிமடத்தில் வீடுகள் பிளந்து மண்ணுக்குள் இறங்கின. 2025 ஆகஸ்ட் 5ம் தேதி கங்கோத்ரி சாலையில் தராலி கிராமத்தை வெள்ளம் புதைத்தது.

பனியாற்றுக்குப் போகிற தமிழர்களில் இன்னொரு வகையினரையும் விட்டுவிடக் கூடாது. 1984லிருந்து சியாச்சின் பனியாற்றில் இந்திய ராணுவம் நிற்கிறது. 2016 பிப்ரவரி 3ம் தேதி அங்கே பத்தொன்பதாயிரம் அடிக்கு மேல் இருந்த சோனம் காவல்நிலையின் மீது பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாளுக்குப் பிறகு ஒருவர் மட்டும் உயிரோடு எடுக்கப்பட்டு, அவரும் பிப்ரவரி 11ல் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இவர்கள் எல்லா நாட்களும் முறையாகத் தங்கிப் பழகிப் போனவர்கள். பழகினால் காற்றுக்குறைவை வெல்லலாம், சரிகிற மலையை வெல்ல முடியாது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

கங்கோத்ரிக்குப் போகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடிய இரவுகள் இவை. ஹரித்துவாரிலிருந்து மறுநாளே கங்கோத்ரிக்கு வண்டி பிடிக்காமல், சுமார் 1,150 மீட்டரில் இருக்கும் உத்தரகாசியில் ஓர் இரவு. அனுமதிச் சீட்டு வேலையும் அங்கே முடிந்துவிடும். 2,600 மீட்டர் ஹர்சிலில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு. கங்கோத்ரியில் இரண்டு, நடுவில் வரும் பகலில் கொஞ்ச தூரம் மேலே நடந்துவிட்டுத் திரும்பி வந்து தூங்க வேண்டும். பிறகு சீர்பாசா வழியாக 14 கிலோமீட்டர் நடந்து போஜ்பாசா. பூர்ஜ மரங்கள் நிறைந்திருந்ததால் வந்த பெயர், உயரம் 3,800 மீட்டர் போல. அங்கே ஓர் இரவு. தலைவலியும் வாந்தியும் இருந்தால் மேலே போகாமல் அன்றே கங்கோத்ரிக்கு இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் விடியலில் கோமுகம், நான்கு கிலோமீட்டர்தான்.